துண்டுக்குள் சொன்னது

புதிதாகக் கவுன்சலிங் பொறுப்பை ஏற்கப்போகிற ஆசிரியர்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் மனதில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். மொபைல் விளையாட்டில் மூழ்கிக் கிடந்த பிள்ளைகளை நான் எப்படி மீட்டெடுத்தேன் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். மலையாள நாட்டு எல்லையில் இருக்கும் எங்கள் சித்தூர் வட்டாரத்தில் எனக்கு அப்படியொரு பேர் உண்டு. எந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். துப்பாக்கி விளையாட்டைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவேன். தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஓய்வு பெற்ற நாளில் அந்தப் பேச்சுக்காகவே தனியாக ஒரு சால்வை போர்த்தினார்கள். அது பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. அதைத் தொடவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் தொலைத்த ஒரு பிள்ளையைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். அவனுக்குக் கவின் என்று பேர் வைத்துக்கொள்வோம். சொந்தப் பேர் வேறு. எழுதலாமா என்று அவனையே கேட்டுவிட்டேன். "மத்த டீச்சருங்களுக்கு ஆகுமுன்னா எழுதுங்க" என்றான். உங்களில் பாதிப் பேர் இதைப் போனில்தான் படிப்பீர்கள். படியுங்கள், இந்தக் கதைக்கு அது பொருத்தம்தான்.

என் பாடம் சமூக அறிவியல். வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், கோயம்புத்தூர்க்காரர்கள் பேசுகிற அதே தமிழைப் பேசுகிற பிள்ளைகள் படிக்கிற பள்ளி. ஒரு சின்னப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, கவுன்சலிங்கையும் என் தலையில் கட்டினார்கள். நூலகத்தின் ஒரு மூலையை பீரோவால் மறைத்தால் அதுதான் என் அறை.

கொரோனா முடிந்து பள்ளி திறந்தபோது பிள்ளைகளோடு சேர்ந்து அந்த விளையாட்டும் உள்ளே நுழைந்துவிட்டது. ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கித் தந்த போன் எல்லோர் வீட்டிலும் இருந்தது. இடைவேளையில் பையன்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி, கையைத் துப்பாக்கி மாதிரி நீட்டுவார்கள். ஒருத்தன் தடுக்கி விழுந்தால் 'ரிவைவ் பண்ணுடா' என்று இன்னொருத்தன் ஓடி வருவான். விளையாட்டில் குண்டடி பட்டு விழுந்தவனைக் கூட்டாளி வந்து தொட்டு எழுப்புவதற்கு அதுதான் பேர். எனக்கு அதையெல்லாம் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், "இன்னைக்குத் துப்பாக்கியைப் பிடிக்கிற விரல் நாளைக்குக் கத்தியைப் பிடிக்கும்" என்று ஆரம்பித்தேன். பின் வரிசையிலிருந்து கவின் எழுந்தான்.

"ஏனுங்க டீச்சர், நீங்க வெளையாண்டு பாத்திருக்கீங்களா?"

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கேலிக்காகக் கேட்கவில்லை என்று எனக்கே தெரிந்தது. மாலையில் அறைக்கு வரச் சொன்னேன்.

வந்தவன் உட்காராமல் நின்றான். அவன் அப்பா மாட்டுத் தரகர். வேலந்தாவளம் சந்தையில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. அம்மா இரண்டு கறவை மாடுகளையும் வீட்டையும் பார்த்துக்கொள்கிறவர். அதற்கு முந்தைய வாரம்தான் அவருடைய வலது கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டுத்தரையில் சாணியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ஒண்ணு சொல்லோணுமுங்க. ஆனாக்கா வெளிய போகக்கூடாதுங்க" என்றான்.

போகாது என்றேன். அவனுக்கு அது போதவில்லை.

"எங்கப்பா மாட்டுக்கு வெல பேசறப்ப கைய நீட்டித் துண்டப் போட்டு மூடிக்குவாருங்க. உள்ளுக்குள்ள வெரலப் புடிச்சுத்தானுங்க பேச்சு. பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூட ஒண்ணும் தெரியாது. அப்புடின்னாச் சொல்றனுங்க."

என்னிடம் துண்டு இல்லை. சேலை முந்தானையை எடுத்து என் கையின் மேல் போட்டேன். அவன் உள்ளே கையை விட்டு என் சுண்டுவிரலைப் பிடித்தான். அவன் கை சில்லென்று இருந்தது. அம்மா வழுக்கி விழவில்லை என்றான். விளையாட்டில் ஜெயிக்கப்போகிற நேரத்தில் அம்மா வந்து போனைப் பிடுங்கியிருக்கிறார். இவன் திரும்பப் பிடுங்கி, ஒரு கையால் தள்ளியிருக்கிறான். தீவனத் தொட்டியின் விளிம்பில் போய் விழுந்திருக்கிறார்.

"சத்தங் கேட்டுதுங்க டீச்சர். கை ஒடஞ்ச சத்தம். அப்பவும் நானு போனத்தான் பாத்தனுங்க, ஆட்டம் முடிஞ்சுதான்னு."

அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. கணவனிடம்கூட வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்லியிருந்தார். காரணம் இருந்தது. பையன் பத்தாவது முடித்து மேலே படிக்க வேண்டும், மாட்டு டாக்டராக வேண்டும் என்பது அம்மாவுக்கும் மகனுக்கும் ஆசை. அப்பாவுக்கு அதில் பாதி மனதுதான். ஒரு தப்புக் கேள்விப்பட்டாலும் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். இந்த விஷயம் அவர் காதுக்குப் போனால் கவினின் பள்ளிக்கூடம் அன்றோடு சரி. அதைத் தெரிந்துகொண்டுதான் என் விரலைப் பிடித்துச் சொன்னான்.

அவன் போன பிறகு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பாவம் பிள்ளை என்று தோன்றவில்லை. நல்ல கேஸ் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. உங்களுக்கும் தோன்றும். தோன்றும்போது கொஞ்சம் பயப்படுங்கள்.

கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. விளையாட்டை என் போனில் ஏற்றிக்கொண்டேன். அவனோடு நட்பாகி, அவன் உலகத்துக்குள் போய், அங்கிருந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிவருவது என் திட்டம். தினமும் கொஞ்ச நேரம் மட்டும் என்னோடு விளையாட வேண்டும், அம்மா கூப்பிட்டால் ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் எழுந்து போக வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். அவனும் ஒத்துக்கொண்டான். பள்ளியில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. முடிவு நன்றாக வந்தபின் சொல்லிப் பேர் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஆரம்பத்தில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் ஆள் சுவரைப் பார்த்து நின்றபடி ஓடிக்கொண்டே இருப்பான். குண்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துச் சுடுவேன். காதுக்குள் கவினின் குரல் கேட்கும். "டீச்சர், ஓடாதீங்க, உக்காருங்க... அது நம்ம ஆளுங்க, சுட்டுப்போடாதீங்க..." அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். அந்தப் பொறுமையில் பாதிகூட நான் வகுப்பில் காட்டியதில்லை. அவன் வாய்விட்டுச் சிரித்ததை முதன்முதலாக அப்போதுதான் கேட்டேன். விளையாட்டில் எனக்கு 'செவலை' என்று பேர் வைத்தவனும் அவன்தான். அது அவர்கள் வீட்டுப் பசுவின் பேர்.

கொஞ்ச நாளில் எனக்கு ஆட்டம் பிடிபட்டது. பிடிபட்டது என்பதைவிட, அது என்னைப் பிடித்துக்கொண்டது. அவன் இல்லாத நேரத்திலும் முன்பின் தெரியாதவர்களோடு விளையாடத் தொடங்கினேன். பயிற்சிக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடைத்தாள் திருத்தும்போதும் அடுத்த ஆட்டம்தான் மனதில் ஓடும். தோற்றால் அந்த எரிச்சல் அடுப்படி வரைக்கும் கூட வரும். பாத்திரம் உருளும்.

என் வீட்டுக்காரர் தென்னந்தோப்பும் தானுமாக இருக்கிற மனிதர். ஒரு நாள் வாசலில் நின்று கேட்டார். "அம்மிணி, குக்கரு அடிக்கிறது காதுல உழுகலையா?"

"சித்த நேரம் வாய மூடிட்டு இருக்க மாட்டீங்களா? இங்க வட்டம் சுருங்குது!" என்று கத்தினேன். விளையாட்டில் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதை அவர் எங்கே கண்டார்? சிரித்துக்கொண்டே கிட்ட வந்தார். "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கற. உன்ற போன யாரு புடுங்கறது?" என்று விளையாட்டாகக் கையை நீட்டினார். நான் அவரைத் தள்ளினேன். பலமாகவே தள்ளினேன். கதவு நிலையில் தோள் இடித்து நின்றார். சிரிப்பு போய்விட்டது அவருக்கு.

கவின் என்ன செய்தானோ அதையேதான் நானும் செய்திருந்தேன். ஐம்பது வயது தாண்டியவள், பயிற்சி பெற்றவள், அவன் கதையை முழுக்கக் கேட்டவள். அன்றே போனிலிருந்து அந்த விளையாட்டை எடுத்திருக்க வேண்டும். இது வேலையின் பகுதி, இவருக்கு என்ன புரியும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினேன்.

அடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொழுது சாய்கிற நேரம். கவினும் நானும் இன்னும் இரண்டு மலையாளப் பையன்களும் ஓர் அணியில் இருந்தோம். நான் அதுவரை ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. அன்றைக்கு மலையாளப் பையன்கள் இருவரும் விழுந்திருந்தாலும், எதிரணியில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். குண்டு பட்டு விழுந்தேன். கவின் பக்கத்திலேயே நின்றான். அவன் வந்து தொட்டு எழுப்பினால் போதும்.

அவன் அசையவில்லை. "கவின், வா" என்றேன். பதில் இல்லை. அவன் ஆள் மரம் மாதிரி நின்றான். என் உயிர் குறைந்துகொண்டே வந்து தீர்ந்துபோனது. அவன் ஆளும் நின்ற இடத்திலேயே சுடப்பட, திரையில் தோல்வி என்று விழுந்தது.

நான் பிள்ளைகளை 'வாங்க கண்ணு, போங்க கண்ணு' என்று பேசுகிறவள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. என் வாயிலிருந்து 'டா' வந்ததை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. அன்றைக்கு வந்தது.

"எங்கடா போய்த் தொலஞ்ச? பெத்தவ கைய ஒடச்ச நாயிக்கு எங்கிருந்துடா புத்தி வரும்?"

சொல்லி முடித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சுகமாக இருந்தது. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். அந்தச் சுகம் நின்றது ஒரு நொடிதான். மலையாளப் பையன்களில் ஒருத்தன், "ஈ சேச்சி ஆராடா?" என்று, இந்த அக்கா யாரென்று கேட்டுச் சிரித்தான். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். கவினுக்குக் கேட்டிருக்காது, காதிலிருந்து இயர்போனைக் கழற்றியிருப்பான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அவனுக்குக் கேட்கவில்லைதான். மறுநாள் காலை ஹெட்மாஸ்டர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கவினின் அப்பா நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, கால் செருப்பை வாசலிலேயே கழற்றி விட்டிருந்தார். கவின் சுவரோரம் நின்றான்.

"டீச்சர் வந்துட்டாங்க, அவங்ககிட்டயே சொல்லுங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அந்தக் கும்பிடு இன்றைக்கும் உறைக்கிறது.

"நேத்து பொழுதோட இவன் போன வெச்சு வெளையாண்டுட்டு இருந்தானுங்க. நானு சோறு உண்டுட்டு இருந்தேன். கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சு, ஒத்தக் கையில புடிக்க முடியல கண்ணுன்னு இவங்கம்மா கூப்புட்டா. போன அப்புடியே கட்டல்ல போட்டுட்டு ஓடுனானுங்க. ஓடுற வேகத்துல அந்தக் காதுல மாட்டற ஒயரு புடுங்கிட்டு வந்துருச்சு. அப்ப போனுக்குள்ள இருந்து ஒரு பொம்பள கத்தறாங்க. பெத்தவ கைய ஒடச்ச நாயின்னு."

அவர் மகன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"எம்பொண்டாட்டி வழுக்கி உழுந்தேன்னுதானுங்க எங்கிட்டச் சொன்னா. கேட்டா இப்பவும் அதையேதான் சொல்றா. இவன் ஒத்துக்கிட்டான். எனக்கே தெரியாதது அந்தப் பொம்பளைக்கு எப்புடிங்க தெரியும்?"

அம்மா கூப்பிட்டதும் ஆட்டத்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். நான் போட்ட நிபந்தனையை அப்படியே நிறைவேற்றியிருக்கிறான். அதற்குத்தான் அந்த வசவு.

"யார்ரா அது?" என்று அப்பா மகனைக் கேட்டார்.

"தெரியாதுங்கப்பா. வெளையாட்டுல வர்ற யாரோ" என்றான் கவின். சொல்லிவிட்டு ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. நீங்களே சொல்லிவிடுவீர்கள்தானே என்று எதிர்பார்க்கிற பார்வை. நான் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டேன்.

ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டார். "டீச்சர் இதைத்தாங்க வருஷக்கணக்கா கரடியாக் கத்திட்டிருக்காங்க. யாரு கேக்கறீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் எனக்கு இரண்டு வழி இருந்தது. கத்தியது நான்தான், பையன் தன் தப்பை முழுமனதோடு என்னிடம் சொன்னான், திருந்திக்கொண்டும் வந்தான் என்று சொல்லியிருந்தால் என் பேர் போயிருக்கும். வேலைக்கும் ஏதாவது வந்திருக்கலாம். அவன் படிப்பு பிழைத்திருக்கும். நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

"முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட வீட்டு விஷயமெல்லாம் சொல்லிருவாங்கண்ணா. இந்த வெளையாட்டோட ஆபத்தே அதுதான்."

அவனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பா அவனை அடிக்கவில்லை. "அடிச்சா இவங்கம்மா குறுக்க வருவா, இன்னொரு கையும் போயிருமுங்க" என்றார். டி.சி. கேட்டார். மூணாறில் அவருடைய மச்சான் கடை வைத்திருந்தார், டீத்தூளும் சாக்லேட்டும் விற்கிற கடை. அங்கே கொண்டுபோய் விடப்போவதாகச் சொன்னார். ஹெட்மாஸ்டர் தடுத்துப் பார்த்தார். நானும் இரண்டு வார்த்தை ஒப்புக்குச் சொன்னேன். அந்த வாரமே அவன் பெஞ்சில் இடம் காலியாகிவிட்டது.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், "எனக்குத் தெரிந்த ஒரு பையன்" என்று கவினின் கதையைச் சொன்னேன். துப்பாக்கி விளையாட்டால் பெற்ற தாயின் கையை உடைத்தான், விளையாட்டில் யாரோ ஒருத்தியிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டான் என்று கூட்டிச் சொன்னேன். தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள் என்று முதலில் சொன்னேனே, அது இந்தக் கதைக்குத்தான். கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் ஆசிரியர்கள் எல்லோரும் மூணாறுக்குச் சுற்றுலா போனோம். போகிற வழியெல்லாம் அவன் கண்ணில் படக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். பஜாரில் எல்லோரும் டீத்தூள் வாங்க நுழைந்த கடையில் அவன்தான் நின்றான். வளர்ந்திருந்தான், மீசை அரும்பியிருந்தது.

"டீச்சர்! எப்ப வந்திய? இங்கிட்டு உக்காருங்க" என்றான். பேச்சே மாறியிருந்தது, எஸ்டேட்காரர்கள் பேசுகிற மாதிரி. ஓடிப்போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தான். எங்களோடு வந்த ஓர் இளம் டீச்சர், "நல்ல பையனா இருக்கியே, ஏன் படிப்பை விட்டே?" என்று கேட்டார்.

"படிப்பு ஏறல டீச்சர்" என்றான் சிரித்துக்கொண்டே. என் பக்கம் திரும்பவே இல்லை.

மற்றவர்கள் சாக்லேட் பார்க்கப் போனபோது நான் அவன் கிட்டப் போனேன். "உங்கப்பாகிட்ட நான் சொல்லிர்றேன் கண்ணு" என்றேன். அவன் டீத்தூள் பொட்டலத்துக்கு நூல் கட்டிக்கொண்டே, "இப்ப எதுக்குங்க டீச்சர்? உடுங்க" என்றான். அதை மட்டும் பழைய பேச்சில் சொன்னான்.

விட்டேன். அவன் சொல்லிவிட்டானே என்று சந்தோஷமாகவே விட்டேன். இன்னும் ஒரு வருஷம் சம்பளமும் மரியாதையும் வாங்கினேன். சால்வை போர்த்தினார்கள். மேடையில் என்னைப் பாராட்டியவர், 'எனக்குத் தெரிந்த ஒரு பையன்' கதையை என் குரலிலேயே சொல்லிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குமேல் விட முடியவில்லை. அந்த வாரச் சந்தைக்குப் போனேன்.

வேலந்தாவளம் சந்தையில் பெண்கள் அதிகம் நிற்க மாட்டார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவினின் அப்பா ஒரு காங்கேயம் காளைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். அவர் கையும் எதிராளியின் கையும் துண்டுக்குள் இருந்தன. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேச்சு படியாமல் எதிராளி கையை உருவிக்கொண்டு போன பிறகு என்னைப் பார்த்தார்.

"வாங்க டீச்சர். மாடு கீடு வாங்கோணுங்களா?"

சொன்னேன். நின்ற இடத்திலேயே, மாட்டுக் கூட்டத்துக்கு நடுவில், ஒன்றையும் விடாமல் சொன்னேன். கத்தியது நான், அவன் என்னிடம் ரகசியமாகச் சொன்னதை நான்தான் கொட்டினேன், ஹெட்மாஸ்டர் அறையில் பொய் சொன்னதும் நான்தான். பத்தாவதை இப்போதும் தனியாக எழுதலாம், நானே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்தார்.

"கண்ணு, சந்தையில உங்க டீச்சரு நிக்கிறாங்க. அன்னைக்கிப் போனுல வஞ்சது நாந்தான்னு சொல்றாங்க. நெசமா?"

அந்தப் பக்கம் ஜீப் ஹாரனும் டூரிஸ்ட்டுகளின் பேச்சும் கேட்டது. பிறகு கவினின் குரல் வந்தது.

"இல்லீங்கப்பா. அது வேற யாரோ. டீச்சர் அப்புடியெல்லாம் பேச மாட்டாங்க."

போன் அணைந்தது.

உங்களுக்கு நான் என்ன சொல்ல? விளையாட்டு பிள்ளைகளைக் கொலைகாரர்களாக்கிவிடும் என்று மேடைதோறும் சொன்னேன், அது பொய். விளையாட்டு ஒன்றுமே செய்யாது என்று சொல்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். அவர்கள் என் வீட்டுக்காரரின் தோளைக் கேட்டுப் பார்க்கட்டும். பிள்ளைகளிடம் போவதற்கு முன்னால் உங்கள் சொந்தக் கை எதைத் தள்ளுகிறது என்று பாருங்கள். பிள்ளை சொன்னது பிள்ளையோடு இருக்கட்டும். வாய் தவறிவிட்டால் அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே ஒத்துக்கொள்ளுங்கள். நாள் போனால் ஒத்துக்கொண்டாலும் எடுபடாது. எனக்கு எடுபடவில்லை.

"பையன் இல்லைங்கறான், நீங்க ஆமாங்கறீங்க. நானு யார நம்பறதுங்க?" என்று, போன் அணைந்ததும் கேட்டார் அவன் அப்பா.

வேலை பார்த்த காலமெல்லாம் எத்தனையோ அப்பா அம்மாக்களிடம் 'உங்க பிள்ளையை நம்புங்க' என்று சொல்லியிருக்கிறேன். அதுதான் நம் தொழில். அன்றைக்கு அந்தச் சந்தையில் அவர் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

"அவன நம்பாதீங்கண்ணா. என்னைய நம்புங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பொய் சொல்றது யாருன்னு எனக்குத் தெரியுமுங்க டீச்சர். மாடு பாக்கறவனுக்கு அது தெரியாதுங்களா? உங்களுக்காக அவன் எதுக்குப் பொய் சொல்றான்னுதானுங்க தெரியல" என்றார்.

எனக்குத் தெரியும். முந்தானைக்குள் என் விரலைப் பிடித்திருந்த அந்தக் கையை நினைத்துக்கொண்டு, "துண்டுக்குள்ள பேசுனது வெளிய போகக்கூடாதுன்னு உங்ககிட்டத்தான் கத்துக்கிட்டான், நான் உட்டுட்டத அவன் இன்னும் காப்பாத்தறான்" என்று அதையும் அவரிடம் சொன்னேன்.